குளத்தைச் சுற்றிப் பெண் பார்த்தோம்

சுவிசில் நாங்கள் இருக்கும் ஊரில் ஓர் ஏரி இருக்கிறது. பக்கத்தில் ஆறு, சுற்றிவரக் காடு. காட்டுக்குள் ஒரு நடைபாதை ஏரியை முழுதாகச் சுற்றி, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து விடும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கிழவர்களும் பிள்ளைவண்டி தள்ளும் பெண்களும் நடப்பார்கள். அதே மாதிரி ஒன்று யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பிப் போனேன்.

போனது ஊர் பார்க்க அல்ல. என் தம்பி குகனுக்குப் பெண் பார்க்க. அவனுக்கு நாற்பத்தாறு வயது. ரயில்பெட்டிகளைத் துப்புரவாக்கும் வேலை. அக்காமார் மூன்று பேருக்கும் கல்யாணம் முடியட்டும் என்று நின்றான். பிறகு அப்பாவின் நோய் வருத்தம், பிறகு அம்மாவின் வருத்தம் என்று நின்றான். எல்லாம் முடிந்து அவன் கண்ணாடியைப் பார்த்தபோது தலையில் மயிர் இல்லை. அதற்குப் பிறகுதான் நாங்கள் அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினோம். ஒன்றும் சரிவரவில்லை. இந்தமுறை புறப்படுவதற்கு முன் என்னிடம் சொன்னான்:

"இதோடை விடுவம் அக்கா. இதுவும் சரிவரேல்லையெண்டா இனி என்னை ஒருத்தரிட்டையும் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ."

கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் நான் கணக்கெடுத்திருக்க மாட்டேன். சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே சொன்னான்.

பெண்ணின் பெயர் வாசுகி. நாற்பத்தொரு வயது. சுன்னாகத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அவளைப் பெண் பார்க்க முந்தி எத்தனையோ மாப்பிள்ளை பகுதி வந்து, வடை தின்று, தேத்தண்ணி குடித்து, வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போயிருக்கிறது. ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அதனால் அவள் மூன்று விஷயம் சொல்லிவிட்டாளாம். வீட்டுக்கு ஒருவரும் வரக்கூடாது. கோயிலில் வைத்தும் பார்க்கக்கூடாது. படம் தரமாட்டேன். எங்கேயாவது தற்செயலாகச் சந்திக்கிற மாதிரிச் சந்திக்கலாம், பிடித்தால் கதைக்கலாம், பிடிக்காவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு அவரவர் வழியில் போகலாம். இதுவும் சரிவராவிட்டால் இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்றும் சொன்னாளாம்.

கேட்டவுடன் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. எங்கள் சாதிசனத்தில் இவ்வளவு தெளிவாகக் கதைக்கும் ஆள் குறைவு.

முதல் நாள் யாழ்ப்பாண ரயில் நிலையத்தில் இறங்கினோம். ஓட்டோ பிடிக்கலாம் என்றேன். பஸ் போதும் என்றான் குகன். பலாலி வீதியால் போகும் பஸ்சில் ஏறினோம். என் பக்கத்தில் இருந்த மனுசி, பஸ் வெளிக்கிட முன்னமே தொடங்கினாள்.

"எந்த இடம்?"

"சுவிஸ்."

"அது தெரியுது. ஊரிலை எந்த இடம்?"

"உரும்பிராய்."

"உரும்பிராயிலை ஆர்ரை ஆக்கள்?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் எட்டிக் குகனைப் பார்த்தாள். அவன் மடியில் இரண்டு நடைக்கோல்களை வைத்திருந்தான். சுவிசில் காட்டு நடைக்குப் போகிறவர்கள் இரண்டு கையிலும் ஊன்றிக்கொண்டு போவார்களே, அது.

"தம்பிக்கோ பொம்பிளை பாக்க வந்தனியள்? காலிலை ஏதும் குறையோ?"

அந்த இடத்திலேயே நான் சண்டை பிடித்திருப்பேன். ஆனால் கொண்டக்டர் எங்களைத் திருநெல்வேலிச் சந்தியில் இறக்க மறந்து, அடுத்த நிறுத்தத்தையும் தாண்டிக்கொண்டிருந்தார். அவரோடு சண்டை பிடிக்கவேண்டி வந்ததால் இவள் தப்பினாள். பெட்டிகளை இழுத்துக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தோம். குகன் நடைக்கோல்களைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். பல்கலைக்கழகப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

உரும்பிராயில் இறங்காமல் திருநெல்வேலியில் அறை எடுத்ததற்குக் காரணம் சொந்தக்காரர்தான். அவர்களுக்குத் தெரிந்தால் பெண் பார்க்க இரண்டு வான் பிடித்து வருவார்கள். தங்கிய இடத்தில் காலைச் சாப்பாட்டுக்குப் புட்டும் சம்பலும் கேட்டேன். வறுத்த பாணும், உப்பே இல்லாத முட்டையும், ஒரு சின்னப் பெட்டியில் ஜாமும் வந்தன. கொண்டுவந்த பெடியனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, நான் கேட்டது புட்டு."

"வெளிநாட்டாக்களுக்கு இதுதான் அன்ரி. புட்டு செமிக்காது எண்டு முதலாளி சொன்னவர்."

"எனக்குச் செமிக்காது எண்டு உங்கடை முதலாளிக்கு ஆர் சொன்னது?"

அவன் குசினிப் பக்கம் பார்த்தான். அங்கே முதலாளி புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுவிசில் முதியோர் இல்லத்துக் குசினியில்தான் நான் வேலை. அங்கே ஆயுள் முழுக்கப் பாணும் ஜாமும் தட்டில் வைத்துக் கொடுக்கிறேன். அதே தட்டை என் முன்னால் வைக்க இவ்வளவு தூரம் பறந்து வரவேண்டி இருந்தது.

இரண்டாம் நாள் தரகர் சிவம் அண்ணை வந்தார். அவர் ஓட்டோ ஓட்டுகிறார், கல்யாணமும் பேசுகிறார். ஓட்டோவின் பின்பக்கத்தில் இரண்டு தொழிலும் எழுதியிருக்கிறது. இரண்டு பகுதியின் ரெலிபோன் நம்பரும் அவரிடம் மட்டும்தான். எங்களுக்கு அவர்கள் நம்பர் கிடையாது, அவர்களுக்கு எங்கள் நம்பர் கிடையாது. கேட்டால் சிரிப்பார்.

"நம்பரைக் குடுத்தா பிறகு நான் என்னத்துக்கு அக்கா?"

குளத்து யோசனை அவருடையதுதான். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் வழுக்கையாற்றின் கரையில் ஒரு குளத்தைத் திருத்தி, காடு நட்டு, சுற்றிவர நடைபாதை போட்டிருக்கிறாராம். பின்னேரங்களில் சனம் நடக்குமாம். நடக்கும்போது யாரும் யாரையும் சந்திக்கலாம், அதில் என்ன புதினம் என்றார். நாங்கள் தெற்குக் கேற்றால் நுழைய வேண்டும். பெண் பகுதி வடக்குக் கேற்றால் நுழையும். இரண்டு பகுதியும் எதிரெதிராக நடந்தால் நடுவில் சந்திப்போம். வாசுகி பச்சைச் சேலை, கூட வரும் தமையன் கறுப்புக் குடை.

"நாங்கள் எந்தப் பக்கத்தாலை நடக்கிறது?" என்று கேட்டேன்.

"நீங்கள் வலமா வாங்கோ அக்கா. அவை இடமா வருவினம்."

இந்த இடத்தை விளக்க வேண்டும். கோயிலோ குளமோ, நாங்கள் சுற்றினால் அது எங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவது சுடலையில், பிணத்தை. அதற்குக் கொள்ளிக்குடமும் தோளில் இருக்கும். கல்யாணக் காரியத்துக்குப் போகிறவர்கள் இடமாகச் சுற்றுவார்களா?

"அவை அதுக்கு ஓமெண்டினமோ?"

"மாப்பிள்ளை பகுதியை இடமாச் சுத்தச் சொல்லேலுமோ? அவை ஓமெண்டிட்டினம். நீங்கள் யோசியாதேங்கோ."

நான் யோசிக்கவில்லை. குகன்தான் யோசித்தான். "பாவமெல்லே அக்கா" என்றான். வாயை மூடடா என்றேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் வெளிக்கிட்டோம். நடைக்கு வந்த ஆட்கள் மாதிரித் தெரிய வேண்டும் என்று நாங்கள் சுவிசில் இருக்கும்போதே தரகர் ரெலிபோனில் சொன்னதைக் குகன் வேதவாக்காக எடுத்திருந்தான். கணுக்கால் வரை கட்டும் மலைச் சப்பாத்து, பல பை வைத்த காற்சட்டை, இரண்டு நடைக்கோல். நான் பட்டுச்சேலை. இரண்டு பேரும் ஒரே ஓட்டோவில் இருந்ததைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

சுன்னாகச் சந்தை தாண்டியதும் ஓட்டோ நின்றது. பெற்றோல் முடிந்துவிட்டது.

"இண்டைக்கு அடிக்க வேணுமெண்டுதான் இருந்தனான்," என்றார் சிவம் அண்ணை.

"எப்ப?"

"உங்களை இறக்கிப்போட்டு."

மாப்பிள்ளை இறங்கித் தள்ளினான். வெங்காய மூடை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாண்ட்மாஸ்டர் உழவுயந்திரக்காரன் பார்த்து இரங்கி, கயிறு போட்டு ஓட்டோவை இழுத்தான். பாரத்துக்குக் கயிறு தாங்காது, ஓர் ஆள் ஏறி மூடைமேல் இருங்கோ என்றான். குகன் ஏறினான். இரண்டு கையிலும் கோலைப் பிடித்துக்கொண்டு வெங்காயத்தின்மேல் இருந்து என் தம்பி பெண் பார்க்கப் போனான். பின்னால் இழுபட்டு வந்த ஓட்டோவுக்குள் இருந்து நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. தரகர் முன்னால் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தார், ஆனால் அவர் கையில்தான் ஹாண்டில் இருந்தது.

குளத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அங்கே இன்னும் சனம் கூடும். கேற்றடியில் எங்களை விட்டுவிட்டுச் சிவம் அண்ணை கானோடு பெற்றோல் தேடிப் போனார். அதற்குப் பிறகு அவர் ரெலிபோன் வேலை செய்யவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கையாறுதான். மாரியில் ஓடும். நாங்கள் போனது ஓகஸ்ட் மாதம், ஆற்றுக்குள் மாடு மேய்ந்தது. குளத்தின் நடுவில் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் இருந்தது, அதைச் சுற்றிச் சேறு, அதைச் சுற்றி வெடித்த களி. கரையில் நாலைந்து பெரிய மருதமரம் இருந்தது உண்மை. மிச்சக் காடு முழங்கால் உயரம். ஒவ்வொரு கன்றுக்கும் கம்பிக்கூடு, ஒவ்வொரு கூட்டிலும் ஒரு பலகை. அமரர் இன்னார் ஞாபகார்த்தமாக, பிள்ளைகள், கனடா. அமரர் இன்னார் ஞாபகார்த்தமாக, மருமக்கள், நோர்வே. கன்றைவிடப் பலகை பெரிது. செத்தவர்களின் பெயரை வாசித்துக்கொண்டே பெண் பார்க்கும் நடைபாதை உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

காசு கொடுத்த பெரியவர் தான் இருக்கும் நாட்டு ஏரிக்கரையில் உள்ள அறிவித்தல்களை எல்லாம் அப்படியே தமிழில் எழுதுவித்து நட்டிருந்தார். கரடிகளுக்கு உணவு கொடுக்காதீர்கள். வாத்துகளுக்குப் பாண் போடாதீர்கள். கரடிப் பலகையின் காலில் ஓர் ஆடு முதுகு சொறிந்துகொண்டு நின்றது. அம்புக்குறிகளும் இருந்தன. எல்லா அம்பும் குளத்தை இடக்கைப் பக்கம் வைத்து நடக்கச் சொன்னது. நடக்கிறவர்கள் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. நீரிழிவுக்காரர், சின்னப் பிள்ளைகள், கச்சான் கடலைச் சுருளோடு வந்த பெட்டைகள், எல்லோரும் அம்புக்கு எதிராக வலமாகவே போனார்கள்.

கேற்றுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில். அதற்குள் காவலுக்கு ஒரு வாச்சர். பெரியவர் அனுப்பிய கம்பளித் தொப்பி போட்டிருந்தார், தொப்பிக்குக் காதுமூடி இருந்தது. வியர்வை காதுமூடியால் வடிந்தது.

"மாப்பிள்ளை பகுதியோ?" என்றார்.

"இல்லை. நடக்க வந்தனாங்கள்."

"ஓம் ஓம். மாப்பிள்ளை பகுதி இந்தக் கேற், பொம்பிளை பகுதி மற்றக் கேற். இண்டைக்கு நீங்கள் ரெண்டாவது."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஊருக்குத் தெரியாமல் பார்க்கிறோம் என்று ஊரே பார்க்கும் இடத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறான் அந்தத் தரகர் மனுசன். ஆனால் அதற்குள் குகன் கையை நீட்டினான். எதிர்க்கரையில், மருதமரத்துக்குக் கீழே, ஒரு பச்சைச் சேலையும் கறுப்புக் குடையும் நின்றன. முகம் தெரியும் தூரம் இல்லை. நெட்டையா குட்டையா என்று தெரியும், அவ்வளவுதான்.

நடக்கத் தொடங்கினோம். பச்சைச் சேலையும் நடக்கத் தொடங்கியது. கொஞ்சத் தூரம் போய் நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் கிட்ட வரவில்லை. இன்னும் கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்தேன். நாங்கள் மேற்குக் கரையில், அவர்கள் கிழக்குக் கரையில். நாங்கள் வடக்குக் கேற்றை அடைந்தபோது அவர்கள் வாச்சரின் கொட்டிலடியில் நின்றார்கள்.

"அக்கா, அவையும் வலமா வருகினம்," என்றான் குகன்.

"இடமா வருவினம் எண்டுதானே சொன்னவன். இப்ப திரும்புவினம். நட."

அவர்கள் திரும்பவில்லை. ஒரு சுற்று முடிந்து கொட்டிலடிக்கு வந்தோம். சுவிசில் ஏரியைச் சுற்றும்போது எதிரே வருகிற ஒவ்வொருவரும் வணக்கம் சொல்வார்கள், சொல்லிச் சொல்லி வாய் நோகும். இங்கே எதிரே ஒருவரும் வரவில்லை. ஊரே வலமாகச் சுற்றினால் எதிரே யார் வருவது?

"கொஞ்சம் நிண்டு பார்ப்பமே அக்கா? அவை வந்து சேருவினம்."

"மாப்பிள்ளை பகுதி வழியிலை நிண்டு காத்துக்கொண்டு நிக்கிறதோ? என்ன நினைப்பினம்?"

சொல்லிவிட்டேன், ஆனால் கால் நொந்தது. பாதையோரம் இருக்கப் போட்டிருந்த வாங்கில், சப்பாத்துக்கயிறு கட்டும் சாட்டில் குகனை இருத்தினேன். அவன் இரண்டு சப்பாத்துக் கயிற்றையும் அவிழ்த்துக் கட்டினான், திரும்ப அவிழ்த்துக் கட்டினான். ஒருவரும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எதிர்க்கரை வாங்கில் கறுப்புக் குடை இருந்தது. பக்கத்தில் பச்சைச் சேலை குனிந்து செருப்பைத் திருத்திக்கொண்டிருந்தது. நாங்கள் எழும்பினோம். அவர்களும் எழும்பினார்கள்.

அப்படியென்றால் கெதியாக நடந்து பிடிப்போம் என்று வேகத்தைக் கூட்டினேன். பட்டுச்சேலையோடு எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு. பார்த்தால் குடை எதிர்க்கரையில் குதித்துக் குதித்துப் போகிறது. நீரிழிவுக்காரரை நாங்கள் முந்தினோம். அரைச் சுற்றில் அவர்களும் முந்தியிருப்பார்கள். மனுசன் என்ன நடக்கிறது என்று தெரியாமல் தானும் ஓடத் தொடங்கிவிட்டார்.

கொட்டிலடிக்குத் திரும்ப வந்தபோது வாச்சர் எழும்பி நின்றார்.

"அக்கா, மற்றப் பகுதி இதாலை போகேக்கை கேட்டது. மாப்பிள்ளைக்குக் காலிலை என்ன வருத்தமாம்?"

"ஒரு வருத்தமும் இல்லை!"

"அப்ப ஏன் ரெண்டு தடி?"

"அது நடக்கிறதுக்கு."

"அதைத்தான் அவையும் சொல்லினம். நடக்கிறதுக்குத் தடி வேணுமெண்டா வருத்தம்தானே?"

குகன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கோல்களைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது. எனக்கு அது போதும்.

"ஐயா, நீங்கள் அவையிட்டைக் கேளுங்கோ. ஏன் சொன்னபடி இடமா வரேல்லை எண்டு?"

"கேட்டனான். நீங்கள்தான் இடமா வாறதெண்டு தரகர் சொன்னவராம். பொம்பிளைப் பிள்ளையைக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து இடமாச் சுத்தேலுமோ எண்டு தமையன் கத்திப்போட்டுப் போறார்."

அந்த ஓட்டோக்காரன் இரண்டு பகுதிக்கும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறான். ஒருவரை இடமாக நடக்கச் சொல்ல அவனுக்குத் துணிவில்லை. சொன்னால் அந்தப் பகுதி கைவிட்டுப் போய்விடும். இரண்டு பகுதியையும் வலமாக விட்டுவிட்டுப் பெற்றோல் வாங்கப் போய்விட்டான்.

"மற்ற ஆக்கள் எல்லாம் இஞ்சை என்னண்டு சந்திக்கிறவை?" என்று கேட்டேன்.

"ஆர் சந்திச்சது? தூரத்திலை பார்ப்பினம். நிறம் தெரியும், உயரம் தெரியும். பிறகு வீட்டை போயிடுவினம்." காதுமூடியைத் தூக்கிச் சொறிந்தார். "காலைப் பற்றிக் கேட்டவை எல்லே? உவையும் இன்னும் ஒரு சுற்றிலை போயிடுவினம். பிள்ளை அரைநாள் லீவிலை வந்ததாம்."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. என் தம்பி ஒருவருக்கும் ஒரு தீமையும் செய்யாதவன். வெங்காயத்தின்மேல் இருந்து வந்தவன். ஒரு முகத்தைப் பார்க்காமலே, இரண்டு கோலையும் தூக்கிக்கொண்டு விமானம் ஏறப்போகிறான். பிறகு ரயில்பெட்டி கழுவுவான். கதவைப் பூட்டிக்கொண்டு தனியச் சோறு தின்பான். நான் கூப்பிட்டாலும் வரமாட்டான்.

"ஐயா, அவை வரேக்கை சொல்லுங்கோ, காலிலை ஒண்டுமில்லை எண்டு. சொல்லிப்போட்டு, அவையை அப்பிடியே திரும்பி வரச் சொல்லுங்கோ. நாங்கள் வலமா வாறம்."

வாச்சர் தலையாட்டினார். நாங்கள் நடந்தோம். மருதமரத்தடிக்கு வந்ததும் குகன் நின்றான்.

"அக்கா, அவை ஏன் திரும்ப வேணும்? அந்தப் பிள்ளை எத்தினை தரம் ஆக்களுக்கு முன்னாலை போய் நிண்டிருக்கும். நாங்கள் திரும்புவம்."

"விசரோ உனக்கு? கல்யாணக் காரியத்துக்கு இடமா?"

"நான் இவ்வளவு நாளும் வலமாத்தானே போனனான்," என்றான்.

திரும்பினோம். வாழ்க்கையில் முதல்தரம், தோளில் குடமில்லாமல் இடமாக நடந்தோம். வழியில் வந்த பெட்டைகள் கச்சானைச் சப்பாமல் எங்களைப் பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்து நடந்தேன். எந்த நேரமும் எதிரே பச்சைச் சேலை வரும் என்று நினைத்து முகத்தைக்கூடத் துடைத்துக்கொண்டேன்.

வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் எதிர்க்கரையில், எங்களைப் போலவே, இடமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வாச்சர் சொன்னதைக் கேட்டு அவர்களும் திரும்பியிருக்கிறார்கள்.

நான் வாய்விட்டே பேசினேன். பேசியதை இங்கே எழுத முடியாது. ஓர் அமரரின் பலகையில் கைவைத்து நின்று பேசினேன். குகன் இரண்டு கோலையும் வாங்கில் சாத்தினான். காற்சட்டையை மடித்தான். படியால் குளத்துக்குள் இறங்கினான்.

"டேய் குகன்!"

இறங்கிய இடத்தில் ஒரு பலகை நின்றது. உறைந்த ஏரியின்மேல் நடப்பது உயிராபத்து. வாச்சர் விசில் ஊதினார். ஊதிக்கொண்டே ஓடிவந்தார். குகன் திரும்பிப் பார்க்காமல் வெடித்த களியில் நேராக நடந்தான். நடுவில் இருந்த தண்ணீரைத் தாண்டினான், முழங்கால் வரை புதைந்தது. இழுத்து எடுத்து இன்னும் போனான். மற்றப் பக்கத்துக் களிக்குக் கொஞ்சம் முன்னால் தொடை வரை இறங்கிப் போய் நின்றுவிட்டான். கையால் காலைப் பிடித்து இழுத்தான், முகம் குப்புற விழுந்தான், எழும்பினான். கால் வரவில்லை.

நான் ஓடினேன். எந்தப் பக்கம் கிட்டவோ அந்தப் பக்கத்தால் ஓடினேன். வலமோ இடமோ இன்றைக்கும் தெரியாது. போய்ச் சேர்ந்தபோது கறுப்புக் குடையோடு தமையன் படியின் மேலே நின்று கத்திக்கொண்டிருந்தார். கொழுத்த மனுசன், என்னைப் போலவே மூச்சு வாங்கினார்.

"தங்கச்சி, கீழை போகாதை! சேறு!"

வாசுகி கீழே, சேறு தொடங்கும் இடத்தில் நின்றாள். அப்போதுதான் முதல்தரம் அவள் முகத்தைப் பார்த்தேன். களைத்த முகம். நல்ல கண். குகன் ஒரு கை தூரத்தில் புதைந்து நின்றான், நெற்றி வரை சேறு.

"காலிலை வருத்தமெண்டு சொல்லிச்சினம்," என்றாள்.

"வருத்தம் ஒண்டும் இல்லை. இப்பதான் ஏதோ பிடிச்சு வைச்சிருக்கு."

"ஏன் குளத்துக்குள்ளாலை வந்தனீங்கள்?"

"சுத்தி வந்தா உங்களைக் காணேலாது போல கிடந்தது."

அவள் அவன் முகத்துக்கு நேரே நிமிர்ந்து நின்றாள். பிறகு கேட்டாள்: "இப்ப வடிவாப் பாத்தாச்சோ?"

"இல்லை. கண்ணாடியிலை சேறு."

"அப்ப என்னண்டு வீட்டை போய்ச் சொல்லி அனுப்புவியள்?"

"நான் சொல்ல வரேல்லை," என்றான் குகன். "நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டு கேக்கத்தான் வந்தனான்."

அவனுக்கு இப்படிக் கதைக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தாறு வருடமாகத் தெரியாது.

வாசுகி சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். ஒரு காலைச் சேற்றுக்குள் வைத்தாள். மற்றக் காலையும் வைத்தாள். "கையைத் தாங்கோ," என்றாள்.

அவன் சேற்றுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். காற்சட்டையில் கையைவிடக் கூடச் சேறு. அவள் காத்திருக்காமல் எட்டிப் பிடித்து இழுத்தாள். கரையில் சனம் சேர்ந்துவிட்டது. நீரிழிவுக்காரர், கச்சான் பெட்டைகள், வாச்சர், எல்லோரும் வரிசையாக நின்றார்கள்.

"தங்கச்சி, சனம் பாக்குது!" என்றார் தமையன்.

"பாக்கட்டும் அண்ணை. எப்பவும் பாக்கிற சனம்தானே."

முதலாவது இழுவைக்கு அவள் வழுக்கினாள். இரண்டாவது இழுவைக்கு ஒரு கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. பிறகு மற்றக் காலும் வந்தது. இரண்டு பேருமாக விழுந்து எழும்பி, உலர்ந்த களியில் ஏறி, படியடிக்கு வந்து நின்றார்கள். பச்சைச் சேலை எது, பல பை வைத்த காற்சட்டை எது என்று தெரியவில்லை.

தமையன் குடையை மடக்கினார். குரலைத் தணித்து, எங்களுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"தங்கச்சி, அதுதான் ஏறியாச்சே. இனிக் கையை விடு."

அவள் விடவில்லை.